நாலாவது குடித்தனக்காரன்

டூ ஹார்பர்ஸ், மின்னசோட்டா
9 செப்டம்பர் 2009

வின்னி,

என் கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுடாதே. முழுசாப் படிச்சிட்டு அப்புறம் போடு.

நான் ஓய்வு பெற்ற அன்னிக்கு விருந்துல வச்சு, "நான் செத்த பிறகும் இந்தக் கூட்டம் அலுமினியத்தைக் கழிச்சிட்டேதான் இருக்கும்"னு சொன்னேன். அதுக்கு நீ ஒரு வருஷமா பேசல. சரி, அந்த ஒரு வருஷமா என்ன பண்ணிட்டு இருக்கீங்க? அலுமினியத்தைத்தானே கழிக்கிறீங்க? நம்ம சோதனையில ஹைட்ரஜனை ஊத்தி வைக்கிறது அலுமினிய டப்பாவுல. நாம விடற எலக்ட்ரான் ஹைட்ரஜன்ல இருக்கிற புரோட்டான் மேல மோதுற மாதிரி டப்பா மேலயும் மோதத்தான் செய்யும். அதைக் கணக்குல இருந்து எடுக்க இவ்வளவு நாளா? டப்பாவைச் செஞ்சவன் நான், எனக்குத் தெரியாதா?

போன் பண்ணலாம்னா, பம்ப் பக்கத்துலயே நின்னு நின்னு என் காது போச்சு. மின்னஞ்சல் எல்லாம் என் மகள் சோல்வி பார்த்து, அவளுக்குப் பிடிச்சதைத்தான் எனக்குக் காட்டுறா. அதனால கடிதம்.

விஷயத்துக்கு வரேன். என் மூளையில சின்னச் சின்னதா ரத்தம் அடைச்சிட்டு வருதாம். டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். நம்ம டிடெக்டர்ல செத்துப்போன சேனல் கறுப்புக் கறுப்பா தெரியுமே, அப்படித்தான் இருந்துச்சு. அடுத்த கோடைக்குள்ள புரோட்டான்னா என்னன்னு நானே கேப்பேனாம். சாவைப் பத்திக் கவலை இல்ல வின்னி. விடை வர்ற அன்னிக்கு அது விடைன்னு எனக்குப் புரியணும். அவ்வளவுதான் என் ஆசை.

புரோட்டானுக்குள்ள மூணு குவார்க் குடியிருக்கு, அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். நாலாவதா ஒருத்தன், அந்த ஸ்ட்ரேஞ்ச் குவார்க், வாடகை குடுக்காம வந்து வந்து போறானா, போறவன் ஏதாவது தடம் விட்டுட்டுப் போறானா? என் முடி கறுப்பா இருந்த காலத்துல இருந்து நாம பார்த்துட்டு இருக்கிறது இதைத்தான். உங்க கையில இருக்கிற விடையோட நான் கலந்து விட்ட எண் ஒண்ணு சேர்ந்திருக்கு. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. உங்க எண் எனக்குத் தெரியாது. நீ உன்னோடதைச் சொல்லு. நான் கழிச்சுப் பார்த்துட்டு வாயை மூடிக்கிறேன். இந்த ஊர்ல யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன், ஏரியில இருக்கிற மீன்கிட்டயா?

ஆர்விட்


நியூபோர்ட் நியூஸ், வர்ஜீனியா
21 செப்டம்பர் 2009

மதிப்பிற்குரிய ஆர்விட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முடியாது.

நீங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். விடை முன்னாடியே தெரிந்துவிட்டால், நமக்குப் பிடித்த பக்கமாகக் கை தானாகத் திருத்தும் என்று சொன்னது நீங்கள். அதற்காக ஒரு எண்ணைக் கலந்து விடையை மறைத்து வைப்போம், எல்லாத் திருத்தமும் முடிந்து எல்லாரும் கை தூக்கிய பிறகுதான் பெட்டியைத் திறப்போம் என்று சட்டம் எழுதியது நீங்கள். கம்ப்யூட்டரே ஒரு எண்ணை எடுக்கட்டுமே என்று நான் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல இருக்கிறதை எவனாவது எட்டிப் பார்ப்பான், என் மண்டைக்குள்ள எவன் பார்ப்பான்?" என்று மேசையைத் தட்டினீர்கள். அதனால்தான் அந்த எண் இன்று உங்கள் மண்டையிலும், இயக்குநர் அறைப் பெட்டகத்தில் ஒட்டி வைத்த ஒரு உறையிலும் மட்டும் இருக்கிறது. எண்ணை வைத்திருப்பவர் விடையைப் பார்க்கக் கூடாது. இது உங்கள் வாக்கியம், என்னுடையது இல்லை.

அலுமினியத்தைப் பற்றி: நீங்கள் செய்த டப்பாவின் பின்பக்கத் தகடு, நீங்கள் சொன்ன தடிமன் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு நாள் ஆனது. விருந்தில் அதை நான் சொல்லவில்லை, ஏனென்றால் அது உங்கள் விருந்து.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி விழாவுக்கு முன்னால் பெட்டியைத் திறந்துவிடுவோம் என்று நினைக்கிறேன். பொறுத்திருங்கள்.

வினிஃப்ரெட் ஸ்டோக்ஸ்

பி.கு: மேலே இருப்பதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உங்க மூளைப் படத்தைப் பத்திப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கல. அந்த டாக்டர் சரியான ஆள்தானா? வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?


டூ ஹார்பர்ஸ்
12 அக்டோபர் 2009

வின்னி,

தகட்டுல தப்பா? அந்தத் தகட்டை நான் கையில பிடிச்சுப் பார்த்திருக்கேன். சரி, போகட்டும். நீ சொன்னா இருக்கும்.

வேற டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. அவரும் அதே படத்தைத்தான் காட்டினார், கொஞ்சம் பெரிசா.

நேத்து தூண்டில் புழு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரன் என்ன வேணும்னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. அவனை எனக்குச் சின்ன வயசுல இருந்து தெரியும். அவன் சிரிச்சான், நானும் சிரிச்சேன், ஒரு சாக்லெட்டை எடுத்துட்டுக் காசைக் குடுத்துட்டு வந்துட்டேன். சோல்விகிட்ட சொல்லல. சொன்னா மறுநாளே என்னை மினியாபோலிஸ்ல ஒரு இல்லத்துல கொண்டுபோய்ப் போட்டுருவா. பேரு கூடப் பார்த்து வச்சிருக்கா. அங்க ஏரி கிடையாது, சமையலறை கிடையாது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது.

நீ செய்யறது சரிதான். நான் உன் இடத்துல இருந்தா இதையேதான் செய்வேன். அதுதான் எனக்கு எரிச்சலா இருக்கு. போ, சொல்லாதே.

ஆர்விட்


நியூபோர்ட் நியூஸ்
19 நவம்பர் 2009

அன்புள்ள ஆர்விட்,

நன்றி விழாவுக்கு முன்னாடி திறக்கப் போறதில்ல. நேத்து ஓட்டெடுப்பு நடந்துச்சு. எல்லாரும் கை தூக்கினாங்க, நம்ம குழுவுல இத்தாலியில இருந்து வந்திருக்கிற டூரின்காரர் ஒருத்தர் மட்டும் தூக்கல. உங்க தகட்டை அவருக்கும் ஒரு தடவை அளந்து பார்க்கணுமாம். ஒருத்தர் கை தூக்கலன்னாலும் திறக்கக் கூடாதுன்னு யார் எழுதினதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏப்ரலோ மே மாசமோ, அதுக்கு முன்னாடி நடக்காது.

கூட்டம் முடிஞ்சு கார்ல உக்காந்துட்டு அந்தப் புழுக்கடையையே நினைச்சிட்டு இருந்தேன். கப்பல் பட்டறையில சங்கு ஊதி ஆளுங்க எல்லாம் போயாச்சு, நான் சாவியைக் கூடத் திருப்பல.

நாப்பத்துமூணு.

அதான் எங்க எண். பிழை ஆறு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம். எழுதிட்டேன். இது தெரிஞ்சா என்னை இந்த வேலையில வச்சிருக்க மாட்டாங்க, வச்சிருக்கவும் கூடாது. கழிச்சுப் பார்த்துக்கோங்க.

ஆனா ஒண்ணு. இனிமே உங்க கடிதத்தை நான் பிரிக்க மாட்டேன். விடை தெரிஞ்ச ஆள் இப்ப நீங்க. நீங்க எண்ணைச் சொல்ல வேண்டாம், மழை பெய்யுதுன்னு எழுதினாலே எனக்குத் தெரிஞ்சுடும். சந்தோஷமா இருந்தா உங்க வரி மேல் நோக்கி ஏறும், மனசு சரியில்லன்னா கீழ இறங்கும். எத்தனை வருஷமா உங்க கையெழுத்தைப் படிக்கிறேன். அது தெரிஞ்சுட்டா அப்புறம் அந்தத் தகட்டை நான் நேர்மையா அளப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல.

அதனால எழுதுங்க, அனுப்புங்க, நான் எடுத்து வைக்கிறேன். பெட்டி திறந்த அன்னிக்கு எல்லாத்தையும் சேர்த்துப் படிக்கிறேன். சோல்வி மூலமாவும் எதுவும் சொல்லி அனுப்பாதீங்க, தயவுசெஞ்சு. அவங்க எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

வின்னி


டூ ஹார்பர்ஸ்
30 நவம்பர் 2009

வின்னி, வின்னி,

இந்தக் கடிதத்தைப் பிரி. பிரிச்சா ஒண்ணும் ஆகாது. சொல்றதைக் கேளு.

உன் கடிதம் வந்ததும் சோல்வி கடைக்குப் போற வரைக்கும் காத்திருந்தேன். காப்பி போட்டேன். நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டேன், சிரிக்காதே. பேப்பர்ல மேல நாப்பத்துமூணுன்னு எழுதினேன். கீழ எழுத வேண்டியதை எழுதப் போனேன். கை அப்படியே நின்னுடுச்சு.

இல்ல வின்னி. அந்த எண் இல்ல. செப்டம்பர்ல உனக்கு எழுதினப்போ இருந்துச்சா இல்லையான்னு கூட இப்ப எனக்குத் தெரியல. இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன். பர்ஸ் பையில இருக்குன்னு நினைச்சுட்டே ஊரெல்லாம் சுத்துவோமே, அந்த மாதிரி.

பிறந்தநாள், வீட்டு நம்பர்னு வச்சிருந்தா எவனாவது கண்டுபிடிச்சிடுவான்னு, இங்க லூத்தரன் சர்ச்சுல பிங்கோ விளையாட நம்பர் உருண்டை போட்டு வச்சிருக்கிற பெட்டியில கண்ணை மூடிட்டுக் கையை விட்டு ஒரு உருண்டையை எடுத்தேன். எதோடயும் ஒட்டாத எண்ணா இருக்கணும்னு எடுத்தது. எதோடயும் ஒட்டலைன்னா எதைப் பிடிச்சு இழுக்கிறது? ஒண்ணுல இருந்து எழுபத்தஞ்சு வரைக்கும் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணா விரலை வச்சுப் பார்த்தேன். எல்லாமே அதுதான் மாதிரி இருக்கு.

ஆக எனக்கு விடை தெரியாது. நான் ஒண்ணுமில்லாத ஆள். என்கூட நீ தாராளமா பேசலாம். பேசு.

இது சோல்விக்குத் தெரிய வேண்டாம்.

ஆர்விட்


நியூபோர்ட் நியூஸ்
14 டிசம்பர் 2009

அன்புள்ள ஆர்விட்,

உங்க கடிதம் வந்தது. கனமா இருந்துச்சு. உறையைப் பார்த்தேன், விலாசம் மேல ஏறுதா கீழ இறங்குதான்னு பார்க்காம இருக்கக் கையால மறைச்சுக்கிட்டேன். என் மேசையில தேயிலை வைக்கிற இழுப்பறையில இருக்கு. பிரிக்கல.

உங்களுக்குச் சொல்லணும்னு தோணுது. இந்த மூணு வாரமா நான் நிம்மதியா இருக்கேன். தப்புதான் செஞ்சேன், ஆனா உலகத்துல ஒரு ஆளுக்காவது விடை தெரியும், அந்த ஆள் அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஏரிக்கரையில உக்காந்து மீன் பிடிக்கிறார்னு நினைச்சா, இங்க நடக்கிற கூத்தெல்லாம் தாங்க முடியுது. டூரின்காரர் புதுசா மூணு கேள்வி கேட்டிருக்கார். ரெண்டு பசங்க வேற வேலை தேடிப் போயிட்டாங்க. சோதனைக் கூடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, போன செவ்வாய்க்கிழமை உங்க டப்பாவைக் கிரேன்ல தூக்கினாங்க. நான் கீழ நின்னு, "மெதுவா, மெதுவா"ன்னு சொல்லிட்டே இருந்தேன், உங்க குரல்லயே. கிரேன்காரன், "ஆர்விட் ஊருக்குப் போயும் விடலையா?"ன்னு கேட்டான்.

எல்லாரும் சிரிச்சோம். உங்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து. தெரிஞ்சதை வச்சு சந்தோஷமா இருங்க, இல்ல வருத்தமா இருங்க. எதுவா இருந்தாலும் தெரிஞ்சு இருங்க.

வின்னி


டூ ஹார்பர்ஸ்
6 ஜனவரி 2010

வின்னி,

நீ இதைப் படிக்கப் போறதில்ல. இருந்தாலும் எழுதறேன், வேற யார்கிட்ட எழுத?

உறைக்குள்ள ஒண்ணுமில்லைன்னு, உறையைப் பிரிக்க மாட்டேங்கிற ஆளுக்கு எப்படிச் சொல்றது? ரெண்டு நாள் யோசிச்சேன். உறைக்கு மேலயே எழுதிடலாம்னு பார்த்தேன். தபால்ல போடறது சோல்வி. மேல எழுதினா முதல்ல படிக்கிறவ அவதான். போஸ்ட் கார்டுன்னாலும் அதே கதை. நானே தபாலாபீசுக்கு நடந்து போகலாம். போன வாரம் போனேன். ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து ஒரு பையன் கார்ல கொண்டுவந்து விட்டான். நல்ல பையன். நான் ஏரி மேல நடந்துட்டு இருந்தேனாம். பனி இன்னும் கெட்டியாகலயாம்.

சோல்வி என்னைத் திட்டல. அது நல்லதுக்கில்ல. அவ திட்டினா ஒண்ணுமில்ல, திட்டாம, இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு எனக்குப் பிடிச்ச ஹாட்டிஷ் செஞ்சு தட்டுல வச்சுக் குடுத்தா.

உன் டிசம்பர் கடிதத்தைத் தினம் எடுத்துப் படிக்கிறேன். எனக்கு விடை தெரியும்னு நினைச்சு நீ நிம்மதியா இருக்கே. அந்த இடம் வந்ததும் மடிச்சு வச்சிடறேன். ஒரு பக்கம் உன்னை உலுக்கணும் போல இருக்கு. இன்னொரு பக்கம், சரி, அவளாவது நிம்மதியா இருக்கட்டும்னு இருக்கு. வீம்பு பிடிச்ச பொம்பளை நீ. ஒரு உறையைப் பிரிச்சா என்ன ஆகிடும்?

உன்கூட சண்டை போட ஆள் இல்லாம இங்க பொழுதே போக மாட்டேங்குது.

ஆர்விட்


நியூபோர்ட் நியூஸ்
22 பிப்ரவரி 2010

அன்புள்ள ஆர்விட்,

ரெண்டாவது கடிதமும் இழுப்பறையில. சில சமயம் தேயிலை எடுக்கும்போது கை அது மேல படுது. உடனே மூடிடறேன்.

டூரின்காரர் தகட்டை அளந்துட்டார். நாங்க அளந்த அதே அளவுதான் வந்துச்சு. அரை நாள் சுவரையே பார்த்துட்டு உக்காந்திருந்தார், பாவம். மே மாசம் ஓட்டெடுப்பு. இந்தத் தடவை நடந்துடும்.

கொஞ்ச நாள்தான். அதுக்கப்புறம் நான் அங்க வரேன், உங்க கடிதத்தை எல்லாம் உங்க முன்னாடி வச்சே பிரிக்கிறேன். எவ்வளவு நாளா இதை வயித்துக்குள்ள வச்சிருந்தேன்னு சொல்லிச் சொல்லி என்னைத் திட்டுங்க.

வின்னி


டூ ஹார்பர்ஸ்
18 மார்ச் 2010

வின்னி,

உனக்குக் கணக்கு வரும், அதனால கேக்கறேன். காலையில இருந்து ஒரு நம்பர் மண்டைக்குள்ள சுத்திட்டே இருக்கு. நாப்பத்தொண்ணு. பல் தேய்க்கும்போதும் நாப்பத்தொண்ணு, செருப்பு மாட்டும்போதும் நாப்பத்தொண்ணு. வீட்டு நம்பரான்னு வெளிய போய்ப் பார்த்தேன், இல்ல. சோல்வியைக் கேட்டேன், யாரோட வயசாவது இருக்கும்பா, விடுங்கன்னா. என் பொண்டாட்டி சாகும்போது அவளுக்கு என்ன வயசுன்னு கேட்டேன். அதுக்கு சோல்வி அழுதா. அதுவும் இல்லையாம்.

யாருக்கோ குடுக்க வேண்டியது மாதிரி இருக்கு. யாருக்குன்னு தெரியல. உன்னோடதா? உன்னோடதுன்னா எடுத்துக்கோ.

ஏரியில பனி உடையுது, சத்தம் எனக்கே கேக்குது. மேசை மேல ஒரு பேப்பர்ல நாப்பத்துமூணுன்னு பெரிசா எழுதி இருக்கு, என் எழுத்துதான். அது என்னன்னும் தெரியல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நம்பரா இருக்கு.

ஆர்விட்


நியூபோர்ட் நியூஸ்
17 மே 2010

அன்புள்ள ஆர்விட்,

பெட்டியைத் திறந்தாச்சு.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் கை தூக்கினாங்க. இயக்குநர் உறையைக் கத்தரிச்சார். உள்ள உங்க எழுத்துல நாப்பத்தொண்ணு. நாப்பத்துமூணுல நாப்பத்தொண்ணு போனா ரெண்டு. பிழை ஆறு. ரெண்டு அந்தப் பிழைக்குள்ளயே அடங்கிடுது, அப்படின்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நாலாவது ஆள் இல்ல ஆர்விட். வந்து போனாலும் நம்ம கண்ணுல படற அளவுக்கு ஒரு தடமும் விடல. வீட்டுல மூணு பேர்தான். யாரும் கை தட்டல, யாரும் அழல. யாரோ டோநட் வாங்கி வச்சிருந்தாங்க, அதைச் சாப்பிட்டோம். இது நல்ல விடை. நாம வேற மாதிரி வரணும்னு ஆசைப்பட்டது நமக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் கதவைச் சாத்திட்டு இழுப்பறையைத் திறந்தேன். உங்க முன்னாடி வச்சுப் பிரிக்கணும்னு சொன்னேன், முடியல. மூணையும் தேதிப்படி பிரிச்சேன்.

நவம்பர் கடிதத்தை அன்னிக்கே பிரிச்சிருந்தா அன்னிக்கே நான் விமானம் ஏறியிருப்பேன். குளிர்காலம் முழுக்க உங்ககூட சண்டை போட்டிருக்கலாம். அதுல ஒண்ணுமே இல்ல, சத்தியமா ஒண்ணுமே இல்ல, என் கண்ணுக்கு எட்டக் கூடாத ஒரு எழுத்துகூட இல்ல. நான் தேயிலைப் பொட்டலத்துக்கு அடியில வச்சிருந்தேன். மார்ச் கடிதத்தைப் பிரிச்சிருந்தா எல்லாம் போயிருக்கும். எண்ணை அப்படியே எழுதி அனுப்பியிருக்கீங்க. இத்தனை பேரோட இத்தனை வருஷ உழைப்பையும் நானே குப்பையில போட்டிருப்பேன். ஒண்ணைப் பிரிச்சவ அடுத்ததையும் பிரிச்சுத்தான் இருப்பேன். நான் செஞ்சது சரின்னு மார்ச் கடிதம் சொல்லுது, தப்புன்னு நவம்பர் கடிதம் சொல்லுது, ரெண்டும் ஒரே கையெழுத்து. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல ஆர்விட்.

டிசம்பர்ல உங்களுக்கு நான் எழுதினதை நினைச்சா உடம்பு கூசுது. தெரிஞ்சு இருங்கன்னு எழுதினேன்.

கேளுங்க, இப்ப சொல்றேன், நிதானமா படிங்க. உங்க எண் நாப்பத்தொண்ணு. நீங்க மறக்கல. அது எனக்குத்தான், எடுத்துக்கிட்டேன். விடை ரெண்டு, அதாவது பூஜ்யம். நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான். ஜூன் பத்தாம் தேதி வரேன்.

உங்க
வின்னி


மினியாபோலிஸ்
29 மே 2010

அன்புள்ள அம்மையாருக்கு,

உங்க கடிதம் வந்துச்சு. சோல்வி ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா. நல்லா எழுதறீங்க. படிக்கும்போது அவ நடுவுல நடுவுல நிறுத்தி மூக்கைச் சிந்தினா, ஜலதோஷம் போல.

நாலாவது ஆள் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஆமா, இங்க யாரும் இல்ல. கட்டில் ஒண்ணுதான் இருக்கு. ஜன்னல்ல இருந்து கார் நிறுத்தற இடம் தெரியுது.

உங்களுக்கு ஊர்ல ஏதோ விடை வந்துச்சாம், ரொம்ப நாள் காத்திருந்தீங்களாம். சந்தோஷம். காத்திருக்கிறது கஷ்டம்.

நானும் யார்கிட்டயோ என்னமோ கேட்டு எழுதியிருந்தேன். முக்கியமானது. நல்லா விவரம் தெரிஞ்ச பொம்பளை, கொஞ்சம் வீம்பு. இன்னும் பதில் வரல. தினமும் தபால் வர்ற நேரத்துக்கு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வாசல் பக்கமா உக்காந்திருக்கேன். உங்களுக்கு அவங்களைத் தெரியும்னா, நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க. சீக்கிரம் எழுதச் சொல்லுங்க.

ஆர்விட் ஹௌகன்